ஆயில் பிரஷர் முள் பொய் சொல்லுதா?

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து திருத்தி எழுதப்பட்டது. பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு ஒரே ஒரு முள்ளைப் பத்திதான் பேசப்போறோம். டாஷ்போர்டில் ஓரமா இருக்கிற சின்ன முள். பாதிப் பேர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. ஆனா அது திடீர்னு பூஜ்யத்துக்கு விழுந்துச்சுன்னா, அதைப் பார்த்தவங்களுக்கு வயிறு கலங்கிடும். ஆயில் பிரஷர் முள்.

அது விழுந்தால் அர்த்தம் இரண்டுதான். ஒன்று, எஞ்சினுக்குள் எண்ணெய் நிஜமாகவே போகவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டினால் எஞ்சின் காலி. இன்னொன்று, எண்ணெய் நன்றாகத்தான் போகிறது; அதை அளக்கிற சென்சர் செத்துப்போய்விட்டது. முதலாவதுக்குச் செலவு ஆயிரக்கணக்கான டாலர். இரண்டாவதுக்கு ஒரு சென்சரும் ஒரு சனிக்கிழமையும். சிக்கல் என்னன்னா, ரெண்டுக்கும் முள் ஒரே மாதிரிதான் விழும். முள்ளை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. சொல்றவங்க ஊகிக்கிறாங்க, அவ்வளவுதான்.

உதாரணத்துக்கு ஒரு காரை எடுத்துக்கலாம். செவர்லே கார்வெட், அதுல ஐந்தாம் தலைமுறை. சி5ன்னு சொல்வாங்க. 1997 மாடல் முதல் 2004 மாடல் வரை அமெரிக்காவில், கென்டக்கி மாநிலத்தின் பௌலிங் கிரீன் ஊரில் தயாரானது. முன்னால் எல்எஸ்1 என்கிற 5.7 லிட்டர் வி8 எஞ்சின். இன்றைக்கு இந்த கார்களுக்கு இருபது வயது தாண்டிவிட்டது. அதனால, வேலைக்குச் சேர்ந்து நாலு காசு சேர்த்து, முதல்முதலா ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்குற பசங்க நிறைய பேர் இதைத்தான் பழசா வாங்குறாங்க. வாங்கின கொஞ்ச நாளில் அவர்களில் பலர் சந்திக்கிற விஷயம், இந்த ஆயில் பிரஷர் முள்.

டாலஸில் வேலை பார்க்கிற ஒரு நேயர் எழுதியிருந்தார். 2002 மாடல் சி5. ரெண்டு வாரமா முள் ஒரு நிமிஷம் உச்சிக்குப் போகுமாம், அடுத்த நிமிஷம் இறங்குமாம். ஒருநாள் ஹைவேயில் நேரா பூஜ்யத்துக்குப் போய் அங்கேயே நின்னுடுச்சு. ஒரு வொர்க்‌ஷாப்புக்கு எடுத்துட்டுப் போனார். அவங்க பானெட்டைத் திறந்து பார்த்துட்டு, எஞ்சினை இறக்கிப் பிரிச்சுப் பார்க்கணும்னு சொல்லிட்டாங்க. கார் வச்சிருக்கிற நண்பர்கிட்ட கேட்டார். அவர், "டேய், இந்த காருக்கு சென்சர் போறது சகஜம்டா, கண்டுக்காம ஓட்டு"ன்னு சொல்லியிருக்கார். கடிதத்தின் கடைசி வரி: "அக்கா, ரெண்டு பேர்ல யார் சொல்றதை நம்புறது?"

ரெண்டு பேரையும் நம்பாதீங்க தம்பி. ஏன்னா ரெண்டு பேருமே அளக்கலை.

இதில் நண்பர் சொன்னதுதான் எனக்கு அதிக பயம். வொர்க்‌ஷாப்காரர் சொன்னதைக் கேட்டா பணம் போகும். நண்பர் சொன்னதைக் கேட்டா எஞ்சினே போகலாம். "சகஜம்" என்பது உண்மைதான். சி5 வச்சிருக்கிறவங்களைக் கேட்டால் பத்தில் பாதிப் பேராவது ஒரு சென்சர் கதை சொல்வார்கள். இருபது வருஷம் எஞ்சின் சூட்டில் வெந்த ஒரு சின்னப் பொருள் கெட்டுப்போவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் பெரும்பாலான கார்களில் சென்சர்தான் கெட்டது என்பது, உங்க காரில் என்ன நடந்தது என்பதற்குப் பதில் ஆகாது. உங்க எஞ்சினுக்குள் எண்ணெய் போகுதா இல்லையான்னு உங்க எஞ்சினைத்தான் கேட்கணும்.

கேட்கிறதுக்கு முன்னாடி, முள் விழுந்த அந்த நிமிஷம் என்ன செய்யணும்? ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்க. அப்படியே ஓரத்துக்கு வாங்க. நின்ன உடனே எஞ்சினை அணைங்க. வேகத்தில் ஓடும்போதே சாவியைத் திருப்பாதீங்க; பவர் ஸ்டீயரிங் போயிடும், பிரேக்குக்கும் ஒன்று ரெண்டு மிதிக்குத்தான் உதவி இருக்கும். நின்ன பிறகு கொஞ்ச நேரம் விட்டு டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்க. எண்ணெய் அளவு சரியா இருந்தாலும் வீட்டுக்கு ஓட்டிட்டுப் போகாதீங்க, டோ வண்டியைக் கூப்பிடுங்க. "சென்சராத்தான் இருக்கும், இன்னும் பத்து மைல்தானே"ங்கிற கணக்கு வேண்டாம். டோ வண்டிக்குக் கொடுக்கிற காசு, புது எஞ்சின் பக்கத்துல வச்சுப் பார்த்தா டீ செலவு.

சரி, பிரஷர்னா என்ன? இதைக் கொஞ்சம் நிதானமாப் பார்க்கலாம், ஏன்னா இது புரிஞ்சாத்தான் முள் சொல்றதைப் படிக்க முடியும்.

எஞ்சினின் அடியில் எண்ணெய்த் தட்டு இருக்கிறது. அதிலிருந்து ஒரு பம்ப் எண்ணெயை உறிஞ்சி, ஃபில்டர் வழியாக, எஞ்சினுக்குள் துளைத்து வைத்திருக்கிற சின்னச் சின்ன வழிகளில் தள்ளுகிறது. எல்எஸ்1 எஞ்சினில் அந்த பம்ப் முன்பக்கம், கிராங்க் ஷாஃப்ட்டோடேயே சேர்ந்து சுற்றும். எண்ணெய் போய்ச் சேர வேண்டிய முக்கியமான இடம், அந்த கிராங்க் ஷாஃப்ட் உட்கார்ந்திருக்கிற பேரிங்குகள். ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி ஒரு தலைமுடியின் கனம்கூட இருக்காது. அந்த இடைவெளியில் எண்ணெய் நிரம்பியிருக்கும். ஷாஃப்ட் அதன் மேல் மிதந்துகொண்டே சுற்றும். உலோகமும் உலோகமும் தொடுவதே இல்லை. எண்ணெய் நின்னா தொடும். தொட்டா தேயும், சூடாகும், கடைசியில் பிடிச்சுக்கும். வேகமா போய்க்கிட்டிருந்தா இதுக்கு நிமிஷக் கணக்குகூட தேவையில்லை.

பிரஷர் எங்கிருந்து வருது? தோட்டத்துக்குத் தண்ணி விடுற ஓஸ் பைப்பை நினைச்சுக்கோங்க. சும்மா திறந்து விட்டா தண்ணி சொளசொளன்னு கொட்டும், பைப்பில் அழுத்தம் இருக்காது. முனையில் கட்டைவிரலை வச்சு அடைச்சா பீய்ச்சும், பைப் விறைச்சுக்கும். மோட்டார் அதேதான், எதிர்ப்பு கூடினதால் அழுத்தம் கூடுச்சு. எஞ்சினில் அந்தக் கட்டைவிரல், பேரிங்கின் குறுகலான இடைவெளி. பேரிங் தேய்ஞ்சா இடைவெளி பெருசாகும், எண்ணெய் சுலபமா வெளியே ஓடிடும், பிரஷர் இறங்கும். எண்ணெய் சூடாகி நீர்த்துப் போனாலும் அப்படித்தான். குளிர்ந்த எஞ்சினில் எண்ணெய் கெட்டியா இருக்கும், முள் மேல நிற்கும். சூடானதும் இறங்கும். ஆக்ஸிலரேட்டர் கொடுத்தா பம்ப் வேகமாச் சுத்தும், முள் ஏறும். ரொம்ப ஏறிடாம இருக்க ஒரு ரிலீஃப் வால்வு உண்டு. அளவுக்கு மேல் போகிற எண்ணெயை அது திருப்பி விட்டுவிடும்.

இதிலிருந்து ஒரு விஷயம் கிடைக்குது பாருங்க. உண்மையான பிரஷருக்கு ஒரு குணம் இருக்கு. அது சூட்டோடவும் சுற்று வேகத்தோடவும் சேர்ந்தே அசையும். அசைவில் ஒரு நியாயம் இருக்கும். எஞ்சின் 2,000 சுற்றில் நிலையா ஓடும்போது முள் மட்டும் 80க்கும் 0க்கும் தாவினா, அதில் நியாயம் இல்லை. எண்ணெய் அப்படித் தாவாது. மின்சாரம் தாவும்.

எவ்வளவு இருந்தா போதும்? பழைய மெக்கானிக்குகள் சொல்ற கணக்கு: ஆயிரம் சுற்றுக்குப் பத்து பிஎஸ்ஐ. ரேஸ் எஞ்சினுக்கு அது நல்ல கணக்கு. ஆனால் எல்எஸ்1க்குத் தயாரிப்பாளர் கொடுத்திருக்கிற குறைந்தபட்ச அளவைக் கேட்டா ஆச்சரியப்படுவீங்க. எஞ்சின் சூடாக இருக்கும்போது 1,000 சுற்றில் 6 பிஎஸ்ஐ, 2,000 சுற்றில் 18, 4,000 சுற்றில் 24. அவ்வளவுதான். நல்ல நிலையில் இருக்கிற எஞ்சின் இதைவிட எவ்வளவோ மேலே காட்டும். ஆனால் சிக்னலில் நிற்கும்போது 25க்கு இறங்கிடுச்சேன்னு தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை.

இப்போ அடுத்த பகுதி. எண்ணெயில் இருக்கிற அந்த அழுத்தம் உங்க கண்ணுக்கு எப்படி வந்து சேருது?

எஞ்சினின் மேல்பக்கம், பின்கோடியில், இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால் ஒரு துளை. அதில் சென்சர் திருகியிருக்கிறது. உள்ளே ஒரு மெல்லிய சவ்வு. எண்ணெய் அதை அழுத்தும். அழுத்தத்துக்கு ஏற்ற மாதிரி ஒரு வோல்டேஜ் வெளியே வரும். சென்சருக்கு மூணு வயர்: ஒன்றில் கம்ப்யூட்டர் 5 வோல்ட் அனுப்பும், ஒன்று எர்த், ஒன்று பதில் கொண்டுவரும் வயர். அந்தப் பதிலை எஞ்சின் கம்ப்யூட்டர் வாங்கி, பிஎஸ்ஐ கணக்காக மாற்றி, டாஷ்போர்டுக்கு அனுப்பும். டாஷ்போர்டு முள்ளை அசைக்கும். ஆக எண்ணெய், துளை, சவ்வு, வயர், கனெக்டர், கம்ப்யூட்டர், டாஷ்போர்டு, முள். இத்தனை கை மாறித்தான் செய்தி வருது. நடுவில் எது சொதப்பினாலும் நீங்க பார்க்கிறது அந்த முள்ளைத்தான்.

சி5ல் முள்ளுக்குக் கீழே எழுத்தில் தகவல் காட்டுகிற ஒரு திரையும் உண்டு. அதில் பிரஷரை எண்ணாகவே பார்க்கலாம். நம்ம நேயரும் எழுதியிருந்தார்: "முள் மட்டும் இல்லக்கா, திரையிலயும் 0ன்னுதான் வருது, அப்போ உண்மைதானே?" இல்லை. ரெண்டுக்கும் தகவல் வர்றது ஒரே சென்சரிலிருந்து. ஒரே வதந்தியைக் கேட்ட ரெண்டு பேர் வந்து சொன்னா, அது ரெண்டு சாட்சி ஆகாது. நான் முன்னாடி சென்சர் சோதிக்கிற லேப்ல வேலை பார்த்திருக்கேன். அங்கே முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது: ஒரு அளவியை இன்னொரு அளவியால் சரிபார்க்கணும்னா, ரெண்டுக்கும் பொதுவான கண்ணி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

அதனால கடைசியில் வேறொரு அளவியை வச்சுத்தான் பார்க்கணும். ஆனா அதுக்கு முன்னாடி, ஒரு பைசா செலவில்லாம செய்யக்கூடிய சில சோதனைகள் இருக்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்: எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம, சாவியை மட்டும் ஆன் பண்ணுங்க. எஞ்சின் ஓடலை, பம்ப் சுத்தலை, பிரஷர் 0 ஆகத்தான் இருக்க முடியும். இப்போ முள் 40 காட்டுதா? 80ல் போய் ஒட்டிக்கிட்டு நிக்குதா? முடிஞ்சது கதை. அது பொய் சொல்றது நிரூபணம் ஆயிடுச்சு. ஆனா கவனிங்க, இந்தச் சோதனை ஒரு பக்கம்தான் வெட்டும். முள் 0 காட்டினா எதுவும் நிரூபணம் ஆகாது. ஏன்னா 0 சரியான பதிலாவும் இருக்கலாம், செத்த சென்சரோட ஒரே பதிலாவும் இருக்கலாம். நம்ம நேயர் மாட்டிக்கிட்டது இந்த ரெண்டாவது இடத்தில்தான்.

அடுத்து கம்ப்யூட்டர்கிட்ட கேட்கலாம். இந்த காரில் ஒரு அழகு இருக்கு: ஸ்கேனர்கூட வேண்டாம். சாவி ஆனில் வச்சு, ஆப்ஷன்ஸ் பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, ஃப்யூயல் பட்டனை நாலு தடவை அழுத்தினா, டாஷ்போர்டு தானே பழுதுக் குறியீடுகளைக் காட்ட ஆரம்பிக்கும். பி0522 வந்தால், சென்சர் சர்க்யூட்டில் வோல்டேஜ் இருக்க வேண்டியதைவிடக் கீழே போயிருக்கிறது. பி0523 வந்தால் மேலே போயிருக்கிறது. இது பிரஷரைப் பற்றிய புகார் இல்லை, மின்சாரத்தைப் பற்றிய புகார். நிஜமாகவே பிரஷர் குறைந்தாலும் நல்ல சென்சர் அதற்கென்று ஒரு சின்ன வோல்டேஜைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும். இந்த மாதிரி 5 வோல்ட் சென்சர்கள் பொதுவாக 0 பிரஷருக்கே அரை வோல்ட் அளவுக்குக் காட்டும். அதற்கும் கீழே போனால், சென்சரோ வயரோ அறுந்திருக்கு, இல்லைன்னா ஷார்ட் ஆகியிருக்குன்னு கம்ப்யூட்டர் எடுத்துக்கும். குறியீடு இருந்தா சந்தேகம் சென்சர் பக்கம் பலமா சாயும். குறியீடு இல்லைன்னா? எந்தப் பக்கமும் சாயாது.

கனெக்டரைக் கழற்றிப் பார்க்க முடிஞ்சா பாருங்க. உள்ளே எண்ணெய் ஈரம் இருந்தா, சென்சருக்குள்ள இருக்கிற சவ்வு கிழிஞ்சு எண்ணெய் மேல ஏறியிருக்கு. அந்த சென்சர் இனிமே எதுக்கும் ஆகாது.

அப்புறம் காது. எல்எஸ்1ல் வால்வு லிஃப்டர்கள் எண்ணெய் அழுத்தத்தில்தான் வேலை செய்யும். பிரஷர் நிஜமாவே இல்லைன்னா மேலே தையல் மெஷின் மாதிரி டிக்டிக்னு சத்தம் வரும். இன்னும் மோசமானா அடியிலிருந்து கனமா ஒரு தட்டல். ஆனா காதை மட்டும் நம்பி "சத்தம் இல்லை, அதனால நல்லா இருக்கு"ன்னு முடிவு பண்றவங்களோட எனக்கு உடன்பாடு இல்லை. சத்தம் வந்தால் கெட்ட செய்தி. வரலைன்னா இன்னும் செய்தி வரலைன்னுதான் அர்த்தம். அடியில் தட்டல் கேட்கிற நேரத்துக்கு பேரிங் ஏற்கெனவே போயிருக்கும்.

இப்போ அந்த இன்னொரு சாட்சி. மெக்கானிக்கல் பிரஷர் கேஜ். வயர் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு டயல், ஒரு ஓஸ், சில அடாப்டர்கள். டயலுக்குள்ள வளைஞ்ச பித்தளைக் குழாய் ஒண்ணு இருக்கும். எண்ணெய் உள்ளே வந்து அழுத்தினா அந்த வளைவு கொஞ்சம் நிமிரப் பார்க்கும், அந்த அசைவு முள்ளைத் திருப்பும். நூறு வருஷத்துக்கும் மேல பழசான சமாச்சாரம். உதிரி பாகக் கடைகளில் இந்த கிட் கிடைக்கும். அமெரிக்காவில் சில கடைகள் வைப்புத்தொகை வாங்கிக்கிட்டு வாடகைக்கும் தர்றாங்க.

எங்கே மாட்டுறது? சென்சரைக் கழற்றின அதே துளையில் மாட்டலாம். எல்எஸ்1ல் அது எம்16, 1.5 மில்லிமீட்டர் பிட்ச் திருகு. கிட்டில் அந்த அடாப்டர் இல்லைன்னா தனியா வாங்கணும். ஆனா அந்த இடத்துக்குக் கை போறதுதான் இந்த வேலையிலேயே பெரிய வேலை. மேனிஃபோல்டுக்கும் பின்சுவருக்கும் நடுவில் ஒரு சந்து. 27 மில்லிமீட்டர் சென்சர் சாக்கெட்டை வச்சு, கண்ணால பார்க்காம விரலால தடவிக் கழற்றுறவங்க இருக்காங்க. பொறுமை இருக்கிறவங்க இன்டேக் மேனிஃபோல்டின் போல்ட்டுகளைக் கழற்றி, அதை முன்னால இழுத்துட்டு வசதியா வேலை பார்ப்பாங்க. நான் ரெண்டாவது கட்சி. மேனிஃபோல்டை அசைச்சா அதோட கேஸ்கெட்டையும் மாத்திடுங்க. இந்த எஞ்சின் குடும்பத்தில் இன்னொரு வழியும் இருக்கு: ஆயில் ஃபில்டருக்குப் பக்கத்தில், எண்ணெய்த் தட்டின் மேல் ரெண்டு போல்ட்டு போட்ட ஒரு சின்ன மூடித் தட்டு இருக்கும். அதுக்குப் பதிலா துளையிட்ட தட்டு ஒண்ணைப் போட்டு, அங்கேயே கேஜை மாட்டலாம்.

ஓஸை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேலயும் ஃபேன் பக்கத்துலயும் போக விடாதீங்க. சூடான எக்ஸாஸ்ட் மேல எண்ணெய் பீய்ச்சினா தீ பிடிக்கும், விளையாட்டில்லை. பக்கத்துல ஒரு தீயணைப்பான் இருக்கட்டும்.

ஸ்டார்ட் பண்ணி சில வினாடிக்குள்ள டயல் எழும்பணும். எழும்பலைன்னா உடனே அணைச்சிடுங்க; உங்களுக்குப் பதில் கிடைச்சாச்சு. எழும்பினா அங்கேயே கேஜைக் கழற்றிட்டுக் கொண்டாடாதீங்க. குளிர்ந்த எஞ்சினில் எல்லாரும் பாஸ் ஆகிடுவாங்க. தேய்ஞ்ச பேரிங்கூட கெட்டி எண்ணெயில் நல்ல எண்ணைக் காட்டும். எஞ்சின் முழுசா சூடாகணும், தண்ணி மட்டும் இல்லை, எண்ணெயும் சூடாகணும். அதுக்குத் தண்ணியைவிட அதிக நேரம் ஆகும். இருபது நிமிஷம் ஓடட்டும், ஓஸையும் டயலையும் விட்டு நகராதீங்க. அப்புறம் ஐடிலில் ஒரு எண், 2,000 சுற்றில் ஒரு எண், எழுதிக்கோங்க.

நம்ம நேயர் இதைச் செஞ்சார். டயலின் படத்தையும் அனுப்பியிருந்தார். சூடான எஞ்சின், ஐடிலில் 31. 2,000 சுற்றில் 42. அவர் வொர்க்‌ஷாப்பில் பிரிக்கச் சொன்ன எஞ்சின் அது. புது சென்சர் போட்டார், முடிஞ்சது. ஆனா ஒண்ணு சொல்லணும்: அந்த டயல் 4 காட்டியிருந்தா, "சகஜம்டா"ன்னு சொன்ன நண்பர் ஒரு எஞ்சினைக் கொன்னிருப்பார்.

4 காட்டியிருந்தா எங்கே தேடணும்? சுருக்கமா சொல்றேன், ஏன்னா அது தனி எபிசோடுக்கான விஷயம். எல்எஸ் எஞ்சின்களில் எண்ணெய் உறிஞ்சுற குழாய் பம்போட சேருற இடத்தில் ஒரு ரப்பர் ஓ-ரிங் இருக்கு. அது வெடிச்சாலோ, மாட்டும்போது நசுங்கினாலோ, பம்ப் எண்ணெயோட காத்தையும் சேர்த்து உறிஞ்சும். ஓட்டை ஸ்ட்ரா போட்டு ஜூஸ் குடிக்கிற மாதிரி. சின்ன ரப்பர் வளையம்தான், ஆனா எஞ்சினையே சாய்ச்சிடும். அது இல்லைன்னா ரிலீஃப் வால்வு அழுக்கு பட்டு திறந்தபடியே சிக்கியிருக்கலாம், பெட்ரோல் கலந்து எண்ணெய் நீர்த்திருக்கலாம், 5டபிள்யூ-30 கேட்கிற எஞ்சினில் யாராவது வேற எதையாவது ஊத்தியிருக்கலாம். கடைசியாத்தான் பேரிங். இன்னொரு ரகமும் உண்டு: தெருவில் எல்லாம் சரியா இருக்கும், ரேஸ் டிராக்கில் நீளமான வளைவில் மட்டும் முள் இறங்கும். அங்கே சென்சரைச் சந்தேகப்படாதீங்க. எண்ணெய் முழுக்கத் தட்டோட ஒரு ஓரத்துக்கு ஒதுங்கி, உறிஞ்சுற குழாய்க்கு எட்டாம போகுது. 2006ல் வந்த சி6 இசட்06 கார்வெட்டுக்கு தனித் தொட்டி வச்ச டிரை சம்ப் முறையைக் கொடுத்ததுக்கு இந்த மாதிரி வளைவுகளும் ஒரு காரணம்.

சென்சரும் நல்லது, எஞ்சினும் நல்லது, ஆனாலும் முள் தப்பு, அப்படியும் நடக்கும். பின்னால் வந்த சில ஜிஎம் வி8 எஞ்சின்களில் சென்சருக்கு அடியில் ஒரு குட்டி வலை ஃபில்டர் இருக்கு. அதில் கசடு அடைச்சுக்கிட்டா, சென்சர் இருக்கிற சந்தில் மட்டும் பிரஷர் இருக்காது. சென்சர் தன் முன்னால இருக்கிறதைச் சரியாத்தான் சொல்லும். சி5க்கு அந்த வலை கிடையாது.

இப்போ எதிர்ப்பக்கம். முள் பயமுறுத்துறதைப் பத்தியே பேசிக்கிட்டிருக்கோம். முள் சும்மா சமாதானம் சொல்லி ஏமாத்தினா?

மாஸ்டா எம்எக்ஸ்-5, அமெரிக்காவில் மியாட்டான்னு சொல்ற ரெண்டு சீட்டு கார். 1989ல் வந்த முதல் தலைமுறையில் நிஜமான ஆயில் பிரஷர் கேஜ் இருந்துச்சு. சூட்டுக்கும் சுற்றுக்கும் ஏத்த மாதிரி அசையும். 1995 மாடலில் அதை மாத்திட்டாங்க. வெளியே பார்க்க அதே டயல், அதே முள். ஆனா பின்னால இருக்கிறது சென்சர் இல்லை, வெறும் சுவிட்ச். ஒரு சின்ன அளவுக்கு மேல பிரஷர் இருந்தா முள் நடுவுல போய் நின்னுடும். 15 இருந்தாலும் நடு, 60 இருந்தாலும் நடு. அது கேஜ் வேஷம் போட்ட எச்சரிக்கை விளக்கு. உண்மையான முள் அசையறதைப் பார்த்து பயந்துபோறவங்களைச் சமாதானப்படுத்த இது நல்ல வழியா தோணியிருக்கலாம். எனக்கு இது சுத்தமா பிடிக்கலை. விளக்குன்னா விளக்காவே வையுங்க. விளக்கு தனக்கு தெரிஞ்சதைவிட அதிகமா தெரிஞ்ச மாதிரி நடிக்காது.

நல்லவேளை, பழைய கேஜையும் பழைய சென்சரையும் தேடி வாங்கி மாத்திக்கிற மியாட்டாக்காரங்க நிறைய பேர் இருக்காங்க. மாத்தும்போது ரெண்டு விஷயம் கவனிங்க. அந்த ஜப்பான் சென்சரோட திருகு 1/8 பிஎஸ்பிடி. அமெரிக்கக் கடையில் கிடைக்கிறது 1/8 என்பிடி. ஒண்ணு அங்குலத்துக்கு 28 மரை, இன்னொண்ணு 27. கையில் திருகினா ரெண்டு சுத்து நல்லாவே போகும், அப்புறம்தான் இறுகும். பலவந்தமா இறுக்கினா எஞ்சின் பிளாக்கில் இருக்கிற மரை போயிடும், அப்புறம் கசிவுதான். ரெண்டாவது, டெஃப்லான் டேப். இந்த மாதிரி ஒத்தை வயர் சென்சருக்கு எர்த் கிடைக்கிறது அதோட திருகு வழியாத்தான். டேப்பைச் சுத்தி சுத்தி போட்டா எர்த் அறுந்து, புது சென்சரே தப்பா காட்டும். டேப் நூல் பிரிஞ்சு எண்ணெய் வழிக்குள்ள போற ஆபத்தும் இருக்கு. சீலன்ட் பேஸ்ட் கொஞ்சம், முனையை விட்டு, அது போதும்.

ரெண்டு கேள்வி வந்திருக்கு, பார்த்துடலாம்.

முதல் கேள்வி: "அக்கா, போன்ல ஓபிடி ஆப் போட்டு லைவ் டேட்டா பார்த்தா போதாதா, எதுக்கு இந்த பித்தளை டயல் எல்லாம்?" போதாது. ஆப் கேட்கிறது எஞ்சின் கம்ப்யூட்டர்கிட்ட. கம்ப்யூட்டர் கேட்கிறது அதே சென்சர்கிட்ட. முள் கெட்டுதா இல்லை அதுக்கு முன்னாடியே கெட்டுதான்னு பிரிச்சுப் பார்க்க ஆப் உதவும்: ஆப்பில் 40, முள்ளில் 0ன்னா டாஷ்போர்டு பக்கம் தேடுங்க. அதுக்கு மேல அது சாட்சி ஆகாது.

ரெண்டாவது: "புது சென்சர் போட்டுட்டேன். காலையில 60 காட்டுது, ஆபீஸ் போய்ச் சேரும்போது சிக்னல்ல 30 காட்டுது. புது சென்சரும் போயிடுச்சா?" இல்லைங்க. காலையில எண்ணெய் கெட்டி, சாயங்காலத்துக்கு முன்னாடியே சூடாகி நீர்த்துடும். ஆக்ஸிலரேட்டரை லேசா மிதிச்சுப் பாருங்க, கூடவே ஏறுதா? ஏறினா சரி. அடுத்த ஆயில் மாத்துற அன்னைக்கு, எஞ்சின் நல்லா சூடா இருக்கும்போது ஐடிலில் என்ன எண், 2,000ல் என்ன எண்ணுன்னு எழுதி, சர்வீஸ் புத்தகத்தோட முதல் பக்கத்துல வச்சிடுங்க. தேதியும் போடுங்க, எந்த எண்ணெய் ஊத்தினீங்கன்னும் எழுதுங்க.